காதுக்குள் விட்ட நாலு சொட்டு

மழைக்காலம் வந்தால் எனக்குக் காது அரிக்கும். போன ஐப்பசியில் தாங்க முடியாமல் வண்டிச் சாவியை விட்டுக் குடைந்துகொண்டிருந்தேன். அதைப் பார்த்த தோழி, "டீ ட்ரீ ஆயிலைத் தேங்காய் எண்ணெயில் கலந்து நாலு சொட்டு விடு, பூஞ்சையெல்லாம் செத்துடும்" என்றாள். டீ ட்ரீ ஆயில் என்பது ஓர் ஆஸ்திரேலிய மரத்தின் இலையிலிருந்து எடுக்கும் வாசனை எண்ணெய். விட்டேன். முதல் நாள் ஜில்லென்று சுகமாகத்தான் இருந்தது. நாலாம் நாள் காது அடைத்துக்கொண்டு, இட்லி மெல்லக்கூட முடியவில்லை.

காது டாக்டர் உள்ளே கேமராவை விட்டுத் திரையில் காட்டினார். நனைந்த செய்தித்தாளைக் கசக்கித் திணித்த மாதிரி ஒரு கசடு, அதன்மேல் மிளகுத்தூள் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள். ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையாம். உறிஞ்சி எடுத்துவிட்டு க்ளோட்ரிமசோல் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்.

எண்ணெய்தான் பூஞ்சையைக் கொண்டுவந்தது என்று சொல்ல மாட்டேன். அரித்தபோதே அது இருந்திருக்கலாம், வண்டிச் சாவிக்கும் பங்கு உண்டு. டீ ட்ரீ ஆயில் ஆய்வுக்கூடத்தில் பூஞ்சையைக் கொல்லும் என்பதும் பொய்யில்லை. ஆனால் காது ஆய்வுக்கூடத் தட்டு இல்லையே! இரண்டரை சென்டிமீட்டர் சந்து அது. உள்பாதியில் எலும்பை ஒட்டி மெல்லிய தோல்தான். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் விட்டது நேராக நடுக்காதுக்குப் போய்விடும். 2000-இல் வெளியான ஓர் ஆய்வில், கலப்பில்லாத டீ ட்ரீ ஆயிலைக் கினிப் பன்றிகளின் நடுக்காதில் விட்டார்கள். உயர்ந்த சுருதிகள் கேட்பது குறைந்தது. இரண்டு சதவீதமாகக் கலந்து விட்டபோது அப்படி ஆகவில்லை. சரி, நான் எத்தனை சதவீதம் கலந்தேன்? மூடியில் ஊற்றி விரலால் கலக்கியவளுக்கு என்ன தெரியும்!

காது அரிப்பு ஒரே நோயும் இல்லை. தலைச்சாயம் ஒத்துக்கொள்ளாமல் அரிக்கும், இயர்போனால் அரிக்கும், குறும்பியைச் சுரண்டிச் சுரண்டித் தோல் வறண்டுபோயும் அரிக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே பாட்டிலா? அதற்கு 'அத்தியாவசிய எண்ணெய்' என்று பெயர் வேறு. 'எசென்ஷியல் ஆயில்' என்ற ஆங்கிலப் பெயரில் இருப்பது சாரம் என்ற பொருள்; அரிசி, பருப்பு மாதிரி அத்தியாவசியம் ஒன்றும் இல்லை.

கட்டிக் குறும்பி இளக டாக்டர்களே சில சமயம் ஆலிவ் எண்ணெய் விடச் சொல்வதுண்டு. அதோடு எனக்குச் சண்டை இல்லை. வாசனை எண்ணெயைக் காதுக்குள் விடச் சொல்பவர்களோடுதான்.

மிச்சமிருந்ததை வாளித் தண்ணீரில் விட்டுத் தரை துடைக்கிறேன். அம்மாவுக்கு மட்டும் வருத்தம்: "பூண்டு தட்டிப்போட்டு நல்லெண்ணெய் காய்ச்சித் தந்திருப்பேனே, என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"