15 நொடிக்குள் கேட்டால்தான் நியாயமா?

பிரெவிஸ் நாட் அவுட். முதலில் இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதெல்லாம். 2025 மே 3, பெங்களூரில் ஆர்சிபியோடு நடந்த ஐபிஎல் ஆட்டத்தில் நம் சிஎஸ்கேயின் பிரெவிஸுக்குக் கொடுத்த அவுட்டைத்தான் சொல்கிறேன். அந்தப் பந்து லெக் ஸ்டம்ப்பைத் தொடாமல் வெளியே போகிறது. பந்தின் பாதையைக் கணித்துக் காட்டும் பால் டிராக்கிங்கில் அதைப் பார்க்காதவர்கள் இந்த நாட்டில் யாரும் பாக்கி இருப்பார்கள் என்று தோன்றவில்லை. ஆனால் ஸ்கோர்கார்டில் இன்றைக்கும் என்ன இருக்கிறது? எல்பிடபிள்யூ (ஸ்டம்ப்புக்குப் போகிற பந்தைக் காலால் மறித்ததாக அவுட்), முதல் பந்து, பூஜ்யம். இன்னும் ஐம்பது வருஷம் கழித்து எடுத்துப் பார்த்தாலும் அதுதான் இருக்கும்.

அந்தச் சனிக்கிழமை ராத்திரியிலிருந்து அந்த ஒரு பந்துதான் மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. 17-வது ஓவர். மாத்ரே, பதினேழு வயசுப் பையன், 48 பந்தில் 94 அடித்துவிட்டு அப்போதுதான் வெளியே போகிறான். பிரெவிஸ் வருகிறார். ஆர்சிபியின் இங்கிடி போடுகிறார். தாழ்வான ஃபுல் டாஸ். பேடில் படுகிறது. அப்பீல். அம்பயர் விரலைத் தூக்குகிறார்.

இங்கேதான் கவனிக்கணும். பந்து எங்கேயோ உருண்டு போகிறது, பிரெவிஸும் ஜடேஜாவும் ஓடுகிறார்கள். ஆட்டக்காரன் வேறென்ன செய்வான்? துரத்தலின் கடைசிக் கட்டம், ஒவ்வொரு ரன்னும் உயிர். பந்து பேடில் பட்டதும் அப்படியே நின்று அம்பயர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பானா? ஒரு ரன் ஓடி முடித்து, இரண்டாவது ஓடலாமா என்று பார்க்கும்போதுதான் விரல் மேலே இருப்பதே அவர்களுக்குத் தெரிகிறது. அதற்குள் நொடிகள் ஓடிவிட்டன. இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசுகிறார்கள். பிரெவிஸ் கையால் டி போட்டு, அதாவது தீர்ப்பை வீடியோவில் மறுபடி பார்க்கச் சொல்லி ரிவ்யூ கேட்டு, காட்டுகிறார். "நேரம் முடிந்துவிட்டது, போகலாம்" என்கிறார்கள். ஜடேஜா அம்பயர்களிடம் போய் வாதாடுகிறார். பலன் பூஜ்யம். கையில் ரிவ்யூ இருக்கிறது, மேலே அறையில் ஒரு மனுஷன் பத்துக் கோணத்தில் வீடியோவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், பந்து எங்கே போனது என்று சொல்லும் மெஷின் தயாராக இருக்கிறது. கேட்க மாட்டார்கள். ஏனென்றால் ரிவ்யூவை 15 நொடிக்குள் கேட்க வேண்டும், அது தாண்டிவிட்டது.

பெரிய திரையில் அந்த 15 நொடிக் கணக்கு ஓடவே இல்லையே என்றுதான் ஆட்டம் முடிந்ததிலிருந்து எல்லாரும் கேட்கிறார்கள். நானும் கேட்கிறேன். மற்ற நேரத்திலெல்லாம் 15, 14, 13 என்று கொட்டை எழுத்தில் போடுவீர்கள், கூட்டமே சேர்ந்து எண்ணும். அந்த ஒரு தடவை மட்டும் அது எங்கே போனது? 10 நொடி ஆனதும் அம்பயர் ஞாபகப்படுத்த வேண்டும் என்று ஐசிசி விதியில் ஒரு வரி இருக்கிறது. எதற்காக அதை எழுதினார்கள்? ஆட்டக்காரர் தெரியாமல் நேரத்தைக் கோட்டை விடக்கூடாது என்பதற்காகத்தான். விதியின் உயிர் அங்கே இருக்கும்போது, கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கினால் என்ன அர்த்தம்?

எத்தனை ரன்னில் தோற்றோம்? இரண்டு. ஆர்சிபி 213, நாம் 211. "சிஎஸ்கே ஏற்கெனவே பிளேஆஃப்பை விட்டு வெளியே போயாச்சு, இதுக்குப் போய் இவ்வளவு கத்தணுமா" என்று வருகிறவர்களுக்கு ஒரே பதில்: ஆமாம், கத்தணும். பிளேஆஃப் போகாத அணிக்கு லெக் ஸ்டம்ப் வேறு இடத்திலா நட்டிருக்கிறது?

இன்னொரு கொடுமையைக் கேளுங்கள். பிரெவிஸ் சரியாக 14-வது நொடியில் ரிவ்யூ கேட்டிருந்தார், நாட் அவுட் என்று மாற்றிவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஓடிய அந்த ஒரு ரன்? கிடையாது. அம்பயர் விரலைத் தூக்கிய நொடியிலேயே பந்து டெட், அதற்குமேல் எடுத்த ரன் கணக்கில் வராது. அம்பயர் செய்தது தப்பு என்று மெஷினே சொன்னாலும், அந்தத் தப்பால் போன ரன் போனதுதான். டி20 உலகக் கோப்பையில் நியூயார்க்கில் வங்கதேசத்துக்கு இதைத்தான் செய்தார்கள். ஜூன் 10, 2024. தென்னாப்பிரிக்கா 113 அடித்திருந்தது. மஹ்முதுல்லா பேடில் பட்ட பந்து நேராக பவுண்டரிக்குப் போனது. அம்பயர் அவுட் கொடுத்தார். ரிவ்யூ. நாட் அவுட். நான்கு ரன்? அது வராது, பந்து டெட். வங்கதேசம் எத்தனை ரன்னில் தோற்றது தெரியுமா? நான்கு. அதே ஆட்டத்தில் அவர்களின் ஹிருதோய், சந்தேகமிருந்தால் கள அம்பயர் சொன்னதே நிற்கும் என்கிற அம்பயர்ஸ் காலில் போனார். எனக்கு வங்கதேச அணி மேல் தனிப் பிரியமெல்லாம் ஒன்றும் இல்லை. ஆனால் அன்றைக்கு அவர்களுக்காக வயிறு எரிந்தது.

அதற்குப் பிறகாவது அந்த விதியை மாற்றியிருக்க வேண்டாமா? உலகமே பார்த்த உலகக் கோப்பை ஆட்டம். பவுண்டரிக் கோட்டைத் தாண்டியது ஊருக்கே தெரிகிறது. நாட் அவுட் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். ரன்னைக் கொடுக்க என்ன தடை? ஃபீல்டர் அவுட் என்று நினைத்துப் பந்தை விட்டுவிட்டிருப்பார் என்று ஒரு காரணம் சொல்வார்கள். சரி, எப்போதாவது அப்படி நடக்கலாம். தடுக்க ஆளே இல்லாமல் கோட்டுக்குப் போகிற பந்துக்கும் அதே காரணமா?

இந்த 15 நொடிக்கும் காரணம் சொல்வார்கள். நேரம் கொடுத்தால் டிரெஸ்ஸிங் ரூமிலிருந்து சைகை காட்டிவிடுவார்களாம். 2017-ல் ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஸ்மித் அப்படி மேலே பார்த்ததும் இதே பெங்களூர் மைதானத்தில்தான், மறக்கவில்லை. அந்தப் பயம் நியாயமானதுதான், ஒப்புக்கொள்கிறேன். அப்படியென்றால் ஆட்டக்காரனிடம் ஏன் கேட்கிறீர்கள்? மேலே வீடியோ பார்க்கிற தேர்ட் அம்பயரே பார்த்துச் சொல்லட்டுமே! ஐபிஎல்லில் 2020-லிருந்து முன்கால் நோ பாலை ஒவ்வொரு பந்துக்கும் தேர்ட் அம்பயர்தான் பார்க்கிறார். யாரும் கேட்க வேண்டாம், யாரும் டி போட வேண்டாம், கணக்கு வழக்கு கிடையாது. ரன் அவுட் சந்தேகம் என்றால் கள அம்பயரே மேலே அனுப்பிவிடுகிறார். அதாவது, இங்கிடியின் குதிகால் கோட்டுக்குப் பின்னால் இருந்ததா என்று பார்க்க மேலே ஆள் உண்டு. அதே பந்து லெக் ஸ்டம்ப்பைத் தாண்டிப் போனதா என்று பார்க்க மட்டும் மனு போட வேண்டும், அதுவும் 15 நொடிக்குள்.

2023-லிருந்து வைடு, நோ பாலுக்குக்கூட ரிவ்யூ கேட்கலாம். ஒரு ரன் வைடுக்காக ஆட்டத்தை நிறுத்தி, ரீப்ளே போட்டு, அங்குலம் அங்குலமாகப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அவ்வளவு பொறுமை இருக்கிறவர்களுக்கு ஒருத்தன் விக்கெட் விஷயத்தில் எங்கிருந்து வந்தது இந்த அவசரம்?

ரிவ்யூ எண்ணிக்கை என்று இன்னொரு ரேஷன். டி20-யில் இரண்டு, டெஸ்டில் மூன்று. தீர்ந்துவிட்டால் அவ்வளவுதான், அதற்குமேல் அம்பயர் எவ்வளவு பெரிய தப்பு செய்தாலும் வாயைத் திறக்க முடியாது. 2019 ஹெடிங்லி ஆஷஸில் இங்கிலாந்துக்கு இன்னும் இரண்டே ரன் வேண்டும், கடைசி விக்கெட், ஆஸ்திரேலியாவின் லயன் பந்தில் ஸ்டோக்ஸ் சுத்தமாக எல்பிடபிள்யூ. அம்பயர் கொடுக்கவில்லை. ஆஸ்திரேலியாவிடம் ரிவ்யூ இல்லை, முந்தின ஓவரில்தான் தீர்த்திருந்தார்கள். ஸ்டம்ப்பில் அடிப்பதை மெஷின் காட்டியது. அடுத்த ஓவரில் ஸ்டோக்ஸ் பவுண்டரி அடித்து ஜெயித்துவிட்டார். ஆஸ்திரேலியா தோற்றதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அது சரியான தீர்ப்பா? தப்பு செய்தது அம்பயர், அதைத் திருத்தும் வாய்ப்பைச் சேர்த்து வைக்காத குற்றம் மட்டும் கேப்டனுக்கு. எந்த ஊர் நியாயம் இது?

2022-ஐ மறந்துவிட்டீர்களா? நான் மறக்கவில்லை. மே 12, வான்கடே. கரண்ட் இல்லை, அதனால் டிஆர்எஸ் என்கிற இந்த ரிவ்யூ முறையே இல்லை! உலகத்திலேயே பணம் கொழிக்கும் கிரிக்கெட் போட்டி, மும்பை நடுவில், கரண்ட் போனதால் ரிவ்யூ கிடையாது என்கிறார்கள். நம் கான்வே முதல் பந்திலேயே எல்பிடபிள்யூ, டிவியில் பார்த்த எவருக்கும் லெக் சைடில் போகிற மாதிரிதான் தெரிந்தது. கேட்க வழியில்லாமல் தலையைக் குனிந்துகொண்டு போனார். பிறகு உத்தப்பா, அவரும் பும்ரா பந்தில் எல்பிடபிள்யூ. அவராலும் கேட்க முடியவில்லை. சிஎஸ்கே 97-க்கு ஆல் அவுட். அந்த ஆட்டத்தோடு பிளேஆஃப் கனவும் முடிந்தது. எங்கள் தெருவில் கல்யாணம் என்றாலே ஜெனரேட்டர் வண்டி முந்தின நாளே வந்து நின்றுவிடும். கரண்ட் வருகிறவரைக்கும் பத்து நிமிஷம் ஆட்டத்தைத் தள்ளிப் போட்டால் என்ன குடி முழுகிவிடும்?

சரி, எல்லாம் சரியாக வேலை செய்யும்போதாவது ஒழுங்காகச் செய்கிறார்களா? ஆஸ்திரேலியத் தொடர், பெர்த்தில் கே.எல். ராகுல். 2024 நவம்பர். மட்டை பேடில் இடித்த அதே சமயத்தில் பந்தும் மட்டையைத் தாண்டுகிறது, சத்தத்தைக் கோடாகக் காட்டும் ஸ்னிக்கோவில் கோடு துள்ளுகிறது. எதில் பட்ட சத்தம் என்று தெளிவாகக் காட்டும் கோணம் இல்லை. கள அம்பயர் நாட் அவுட் என்று சொன்னதை மாற்றி அவுட் என்றார்கள். ஒரு மாதம் கழித்து மெல்போர்னில் ஜெய்ஸ்வால், 84 ரன்னில் ஆடிக்கொண்டிருந்தவர். ஸ்னிக்கோவில் கோடு அசையவே இல்லை. பந்து திசை மாறியது கண்ணுக்குத் தெரிகிறது என்று சொல்லி, அங்கேயும் நாட் அவுட்டை மாற்றி அவுட். ஒரே தொடர், ஒரே மெஷின். ஒரு நாள் மெஷினை நம்பிப் படத்தைக் கைவிட்டார்கள், இன்னொரு நாள் படத்தை நம்பி மெஷினைக் கைவிட்டார்கள். ஜெய்ஸ்வால் கிளவுஸில் பட்டிருக்கும் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. அதற்காக ஆளுக்கொரு அளவுகோலா? 2025 ஏப்ரலில் சேப்பாக்கத்தில் நரைன் பந்தில் தோனி எல்பிடபிள்யூ. ஸ்னிக்கோ மாதிரியே சத்தம் காட்டும் அல்ட்ரா எட்ஜில், மட்டையில் பட்டிருக்கலாம் என்கிற மாதிரி லேசான சலனம் இருந்தது, நம் கண்ணால் பார்த்தோம். ஆனாலும் அவுட்.

அம்பயர்ஸ் காலைப் பற்றி எழுத ஆரம்பித்தால் விடிந்துவிடும். பந்து ஸ்டம்ப்பில் படுகிறது என்று திரை காட்டுகிறது. ஆனால் பாதிப் பந்துக்குக் குறைவாகப் படுகிறதாம், அதனால் அம்பயர் முதலில் என்ன சொன்னாரோ அதுதான். அதே பந்து, அதே ஸ்டம்ப், ஒருத்தன் அவுட், இன்னொருத்தன் நாட் அவுட்.

நான் பழைய காலமே தேவலை என்று சொல்கிற ஆள் இல்லை. 2008 சிட்னி ஞாபகம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் சைமண்ட்ஸ் 30-ல் எட்ஜ் வாங்கியது, மட்டை ஓரத்தில் பட்ட சத்தம், மைதானத்துக்கே கேட்டது, அம்பயருக்கு மட்டும் கேட்கவில்லை. மனுஷன் 162 அடித்தார். அந்த அநியாயத்துக்கெல்லாம் மருந்து வந்துவிட்டது என்று அதே வருஷம் இலங்கையில் டிஆர்எஸ் சோதித்தபோது எவ்வளவு சந்தோஷப்பட்டேன்! பிசிசிஐ அதை முழுசாக ஏற்காமல் 2016 வரை இழுத்தடித்தபோது அவர்களையும் திட்டியிருக்கிறேன். மெஷின் மேல் எனக்குக் கோபமே இல்லை. அது தன் வேலையைச் செய்கிறது. அதைச் சுற்றிப் பூட்டுப் போட்டு, சாவிக்கு 15 நொடி கெடு வைத்து, எண்ணி எண்ணிக் கொடுக்கிறவர்கள் மேல்தான் கோபம். அன்றைக்கு சிட்னி அம்பயருக்குக் கேட்கவில்லை, தெரியவில்லை. இன்றைக்கு எல்லாருக்கும் தெரிகிறது, தெரிந்தும் மாற்ற மாட்டேன் என்கிறார்கள். இதுதான் தாங்க முடியவில்லை.

நேரமில்லை என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் இரண்டரை நிமிஷ டைம் அவுட் நான்கு தடவை வருகிறதே, அது யாருக்காக? விளம்பரத்துக்கு இருக்கிற நேரம் பிரெவிஸுக்கு இல்லையா?

விளம்பரம் என்றதும்தான் ஞாபகம் வருகிறது. காசு கட்டித்தானே பார்க்கிறோம்? ஓவரின் கடைசிப் பந்து கீப்பர் கைக்குப் போவதற்குள் விளம்பரம் வந்து விழுகிறது. திரும்பி வரும்போது அடுத்த ஓவரின் முதல் பந்துக்கு பவுலர் பாதி தூரம் ஓடி வந்துவிட்டார். அதிலும் என்ன விளம்பரம்? ஏலக்காய் என்று பெயர் போட்டுப் பான் மசாலா பிராண்டை விற்கிறார்கள், நாம் சின்ன வயசில் சுவரில் படம் ஒட்டி வைத்திருந்த ஆட்டக்காரர்களே வந்து சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். என் பையன் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறான். "அப்பா, அது நல்லா இருக்குமா?" என்று கேட்கிறான். கோடி கோடியாகச் சம்பாதித்தவர்களுக்கு இந்தக் காசும் வேண்டியிருக்கிறதா? வெட்கமே இல்லையா உங்களுக்கெல்லாம்?