மேலே பெயின்ட், கீழே துரு: பழைய போர்க்கப்பல்களைக் காப்பாற்றுவது பற்றி

டெக்சாஸ் போர்க்கப்பலை 2022 ஆகஸ்ட் 31 அன்று இழுவைக் கப்பல்கள் ஹூஸ்டன் பக்கமிருந்து கால்வெஸ்டனில் உள்ள பழுதுபார்க்கும் தளத்துக்கு இழுத்துக்கொண்டு போனபோது, செய்தியைப் பின்தொடர்ந்த பலருக்கும் ஒரே பயம்தான், போய்ச் சேருவதற்குள் மூழ்கிவிடுமோ என்று. நியாயமான பயம். 1914-இல் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்த கப்பல் அது. இரண்டு உலகப் போர்களிலும் இருந்திருக்கிறது, நார்மண்டியில் குண்டு வீசியிருக்கிறது, ஷெர்பர்க் துறைமுகத்துக்கு எதிரே ஜெர்மன் பீரங்கிகளிடம் அடியும் வாங்கியிருக்கிறது. அதையெல்லாம் தாங்கிய கப்பலைக் கடைசியில் ஓட்டை போட்டது, 1948-இல் அருங்காட்சியகமாக்கிக் கட்டிப்போட்ட பிறகு அதைச் சூழ்ந்திருந்த அமைதியான உவர்நீர்தான்.

எனக்கு இந்த விஷயத்தில் அழுத்தமான கருத்து உண்டு. போர்க்கப்பலை அருங்காட்சியகம் ஆக்கிவிட்டால் காப்பாற்றிவிட்டோம் என்று நினைப்பதுதான் முதல் தவறு. திறப்பு விழா நடத்துவதற்கும் கொடி ஏற்றுவதற்கும் பீரங்கிக் குழாய்க்குச் சாம்பல் நிற பெயின்ட் அடிப்பதற்கும் காசு கிடைத்துவிடும். தண்ணீருக்குக் கீழே இருக்கும் தகட்டை யாரும் பார்க்க மாட்டார்கள், அதனால் அதற்குக் காசு வராது. ஆனால் கப்பல் சாவது அங்கேதான்.

டெக்சாஸின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். மேல்தளத்து மரப்பலகை அழுகிவிட்டது என்று 1968-இல் அதைப் பெயர்த்துவிட்டுக் கான்கிரீட் போட்டார்கள். அப்போது அது செலவு குறைந்த வழி. கான்கிரீட் விரிசல் விட்டது, மழைத்தண்ணீர் விரிசல் வழியாகக் கீழே இறங்கியது, உள்ளே இருந்த எஃகு மேலிருந்தும் துருப்பிடிக்க ஆரம்பித்தது. 1988-இல் டிரை டாக்குக்கு (தண்ணீரை வடித்துவிட்டுக் கப்பலின் அடிப்பகுதியைப் பழுதுபார்க்கும் இடம்) கொண்டுபோய்க் கான்கிரீட்டை உடைத்து எடுத்து மறுபடியும் மரம் பதித்தார்கள். அதற்குப் பிறகு முப்பது வருடங்களுக்கு மேல் அடிப்பகுதியைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை. பம்புகள் இரவு பகலாக ஓடின. 1920-களில் டார்பிடோவைத் தாங்குவதற்காகக் கப்பலின் இரண்டு பக்கமும் வயிறு புடைத்தாற்போல ஒட்டவைத்த வெற்று இரும்பு அறைகள் உண்டு, ஓட்டைகள் பெரும்பாலும் அங்கேதான். இடையில் 2007-இல் மக்கள் வாக்களித்து 25 மில்லியன் டாலருக்கு ஒப்புதல் கொடுத்தார்கள், தண்ணீரிலிருந்து தூக்கி நிரந்தரமாகத் தரையில் வைக்கலாம் என்று. கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தப் பணம் பக்கத்தில்கூட வரவில்லை. திட்டத்தையே கைவிட்டார்கள். கடைசியில் 2019-இல் மாநில அரசு 35 மில்லியன் டாலர் ஒதுக்கி, அதற்கும் மூன்று வருடம் கழித்து, உள்ளறைகளில் நுரை பாய்ச்சி ஓட்டைகளை அடைத்து, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இழுத்துப் போனார்கள். 2024 மார்ச்சில் புதுத் தகடுகளோடு மறுபடியும் தண்ணீரில் இறங்கியது. அன்று எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி மாளாது.

பழைய இரும்புக்கு இவ்வளவு பணமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். முதல் உலகப் போர்க் காலத்து டிரெட்நாட் வகைப் போர்க்கப்பல், அதாவது ஒரே அளவுள்ள பெரிய பீரங்கிகளையே முதன்மை ஆயுதமாக ஏற்றிய கப்பல் என்று உலகத்தில் மிச்சம் இருப்பது இது ஒன்றுதான். பிரிட்டன் 1906-இல் டிரெட்நாட்டைக் கடலில் விட்ட நாளிலிருந்து அடுத்த பல வருடங்கள் ஜெர்மனியும் ஜப்பானும் அமெரிக்காவும் மட்டுமல்ல, பிரேசிலும் சிலியும்கூடக் கஜானாவைக் காலி செய்து இந்த ராட்சதக் கப்பல்களுக்காக அடித்துக்கொண்டன. அதில் ஒன்றே ஒன்று. அந்தப் போட்டியைத் தொடங்கிவைத்த பிரிட்டனிடம் ஒன்றுகூட இல்லை. டிரெட்நாட் 1920-களின் தொடக்கத்திலேயே காயலாங்கடைக்குப் போனது. இரண்டு உலகப் போர்களையும் பார்த்த வார்ஸ்பைட் என்ற பிரிட்டிஷ் கப்பலை 1947-இல் உடைக்க இழுத்துப் போகும்போது புயலில் கயிறு அறுந்து கார்ன்வால் கரையில் தரை தட்டியது. அங்கேயே துண்டு துண்டாக வெட்டினார்கள். போர் முடிந்து கையில் காசில்லாத நாடு, அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனாலும் வயிறு எரிகிறது.

இன்றைக்கு பிரிட்டனில் கட்டிய, ‘பேட்டில்ஷிப்’ எனப்படும் இந்தப் பெரும்பீரங்கிக் கவசக் கப்பல் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்றால் ஜப்பானுக்குத்தான் போக வேண்டும். இங்கிலாந்தின் பாரோ நகரில் விக்கர்ஸ் நிறுவனம் கட்டிய மிகாசா. 1905-இல் சுஷிமா கடற்போரில் ஜப்பானிய அட்மிரல் டோகோ நின்ற கப்பல், ரஷ்யக் கடற்படையை அழித்த கப்பல். அதே வருடம் செப்டம்பரில் சசெபோ துறைமுகத்தில் சொந்த வெடிமருந்தே வெடித்து மூழ்கியது, நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள், அப்புறம் தூக்கி நிறுத்தினார்கள். பெரிய நாடுகள் போர்க்கப்பல்களைக் குறைத்துக்கொள்ளப் போட்ட 1922 வாஷிங்டன் ஒப்பந்தப்படி உடைக்க வேண்டிய பட்டியலில் இருந்தது. இனி ஒருபோதும் கடலுக்குப் போக முடியாதபடி வைப்பதாகச் சொல்லி மற்ற நாடுகளின் சம்மதம் வாங்கி, யோகோசுகாவில் தரையில் புதைத்துச் சுற்றிலும் கான்கிரீட் போட்டார்கள். ஆயுதக் குறைப்புக்காகப் போட்ட அந்தக் கான்கிரீட்தான் கப்பலை இன்றுவரை காப்பாற்றியிருக்கிறது, துருப்பிடிக்க வைக்கும் அலை அதன் அடிப்பகுதியைத் தொடவே இல்லை.

ஆனால் மேல்பகுதிக்கு வேறு விதமான சாவு வந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பீரங்கிகள், புகைபோக்கிகள், கொடிமரங்கள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டார்கள். மேல்தளத்தில் நடன அரங்கும் மீன் காட்சியகமும் வந்தன. பாரோவில் பிறந்த ஓர் ஆங்கிலேயர் அந்த அலங்கோலத்தைப் பார்த்து மனம் பொறுக்காமல் 1955-இல் ஜப்பானிலிருந்து வந்த ஓர் ஆங்கிலப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். ஜப்பானைத் தோற்கடித்த அமெரிக்க அட்மிரல் நிமிட்ஸும் குரல் கொடுத்தார், இளவயதில் டோகோவை நேரில் சந்தித்தவர் அவர். அதே சமயம் சிலி நாட்டின் அல்மிரான்டே லடோரே என்ற பழைய போர்க்கப்பல் உடைப்பதற்காக ஜப்பானுக்கு வந்து சேர்ந்தது, அதுவும் பிரிட்டனில் கட்டியதுதான். அதிலிருந்து பல பாகங்களைக் கழற்றி மிகாசாவில் பொருத்தி, 1961 மே 27 அன்று, சுஷிமா போர் தொடங்கிய அதே தேதியில், மறுபடியும் திறந்தார்கள். இப்போது நீங்கள் பார்க்கும் பெரிய பீரங்கிகள் மாதிரிகள்தான். அதனால் மிகாசா பொய் என்று சிலர் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த உடல் உண்மையானது, அது இருந்த இடத்திலேயே இருக்கிறது.

செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருக்கும் அரோரா விஷயத்தில்தான் எனக்கு மனம் ஒப்பவில்லை. 1917 புரட்சியில் வெற்று வேட்டு சுட்ட கப்பல், சுஷிமாவில் மிகாசாவுக்கு எதிர்த்தரப்பில் இருந்து தப்பி வந்ததும் அதுதான். 1984-இல் தொடங்கிய சீரமைப்பில், நீர்மட்டத்துக்குக் கீழே இருந்த பகுதி முழுவதையும் வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டினார்கள். பழைய அடிப்பகுதியை இழுத்துக்கொண்டு போய்ப் பின்லாந்து வளைகுடாக் கரையோரம் ஆழமில்லாத தண்ணீரில் போட்டுவிட்டார்கள். சரி, கப்பல் மிதக்கிறது, மக்கள் பார்க்கிறார்கள். ஆனால் சுஷிமாவைக் கடந்து வந்த அடித்தகடு அந்தக் கரையில் கிடந்து கரைந்தது. ஓட்டை விழுந்த இடத்தில் தகடு மாற்றுவது ஒன்று, பாதி உடம்பைத் தூக்கி எறிவது வேறு. அதையும் தரையில் ஏற்றி வைத்திருக்கலாம் அல்லவா?

கொலைக் கருவியை எதற்குப் பாதுகாக்க வேண்டும் என்ற கேள்வியும் அடிக்கடி வருகிறது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் இந்தக் கப்பல்களில் பீரங்கி மேடையை மட்டும் பார்த்துவிட்டு வரக் கூடாது. கீழே இறங்குங்கள். ஏதென்ஸ் பக்கத்தில், பலையோ ஃபாலிரோவில், அவெரோஃப் என்ற கிரேக்கக் கப்பல் நிற்கிறது. இத்தாலியில் 1910-இல் கடலில் இறக்கியது, கவசக் குரூசர் (பக்கங்களில் கவசத் தகடு போட்ட, வேகமாக ஓடும் போர்க்கப்பல்) வகையில் உலகத்தில் மிச்சம் இருப்பது இது ஒன்றுதான். நிலக்கரியில் ஓடிய கப்பல். பாய்லர் வாய்க்கு எதிரே மண்வெட்டியோடு மணிக்கணக்கில் நின்று கரி தள்ளியவனுக்கு வெளியே நடக்கும் போர் கண்ணுக்கே தெரியாது, சத்தம் மட்டும்தான் கேட்கும். கப்பல் அடிபட்டால் கடைசியாக வெளியே வர முடிவதும் அவனுக்குத்தான். இதைப் புத்தகத்தில் படிப்பதும் அந்த இடத்தில் நின்று உணர்வதும் ஒன்றல்ல. இந்த அவெரோஃப் 1941-இல் ஜெர்மானியர்களிடம் சிக்காமல் தப்பி அலெக்ஸாண்டிரியா வழியாக நம் பக்கம் வந்து, பம்பாயைத் தளமாக வைத்து இந்தியப் பெருங்கடலில் சரக்குக் கப்பல்களுக்குக் காவலாகப் போயிருக்கிறது. நம்மில் பலருக்கு இது தெரியாது.

இழந்ததில் என்னால் ஆறவே முடியாதது யாவூஸ். ஜெர்மனி கோபென் என்ற பெயரில் கட்டி, 1914-இல் துருக்கியர் கைக்கு வந்து, கருங்கடலில் ரஷ்யத் துறைமுகங்களைச் சுட்டு ஓட்டோமான் பேரரசையே போருக்குள் இழுத்துவிட்ட கப்பல். 1938-இல் துருக்கிக் குடியரசை நிறுவிய அட்டாடர்க்கின் உடலைச் சுமந்ததும் அதுதான். 1963-இல் மேற்கு ஜெர்மனியிடம் வாங்கிக்கொள்கிறீர்களா என்று கேட்டார்கள், வேண்டாம் என்றது. 1973-இல் உடைக்கத் தொடங்கினார்கள். 1973! மிகாசாவை மீட்டுத் திறந்து பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது, என்ன செய்ய வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த காலம் அது. நாமும் நம் முதல் விமானந்தாங்கிக் கப்பலான பழைய விக்ராந்தை மும்பையில் 2001 முதல் அருங்காட்சியகமாக வைத்திருந்து, பராமரிக்க முடியவில்லை என்று 2014-இல் உடைக்கக் கொடுத்தவர்கள்தான்.

இப்போது என் கவலையெல்லாம் பிலடெல்பியாவில் நிற்கும் ஒலிம்பியா. 1892-இல் கடலில் இறக்கிய எஃகுக் கப்பல், 1898-இல் மணிலா விரிகுடாவில் ஸ்பெயினுடன் நடந்த போரில் அமெரிக்கத் தளபதி டூயி நின்ற கப்பல், 1921-இல் பெயர் தெரியாத அமெரிக்கப் படைவீரரின் உடலைப் பிரான்சிலிருந்து கொண்டுவந்தது. 1945-க்குப் பிறகு அது டிரை டாக்கைப் பார்க்கவே இல்லை. எவ்வளவுதான் ஒட்டுப் போட்டாலும் ஒருநாள் தண்ணீரிலிருந்து தூக்கித்தான் ஆக வேண்டும், அதற்கான பெரும்பணம் இன்னும் சேரவில்லை. அந்தப் பக்கம் இருக்கும் நண்பர்கள் ஒருமுறை டிக்கெட் எடுத்து உள்ளே போய்ப் பாருங்கள், முடிந்தால் நன்கொடை கொடுங்கள், கொடுக்கும்போது இது அடிப்பகுதி வேலைக்கு என்று எழுதிக் கொடுங்கள்.