கைப்பேசி தானாகத் தொலையவில்லை

மூன்று நாட்களாக இதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அந்தப் பெண் நேற்றிரவு தன் பதிவையே நீக்கிவிட்டதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. விவகாரம் இங்கே பெரும்பாலோருக்குத் தெரியும். பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தவரின் கையிலிருந்த கைப்பேசியைப் பைக்கில் வந்த இருவர் பறித்துச் சென்றதும், காவல் நிலையத்தில் “தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுங்கள், உடனே ரசீது தருகிறோம்” என்று சொல்லப்பட்டதும், அதை அவர் இங்கே எழுதியபோது நம் பெரிய மனிதர் ஒருவர் “ஒரு போனுக்கு இவ்வளவு புலம்பலா? ரோட்டில் நின்று போன் பார்த்தால் பறிக்காமல் மாலையா போடுவான்?” என்று பின்னூட்டம் இட்டதும் நீங்கள் பார்த்ததுதான். அதற்கு நானூறு பேருக்கு மேல் சிரிப்புக் குறி போட்டிருந்தார்கள். அவர்களில் என் நட்பு வட்டத்தில் இருப்பவர்கள் பதினொரு பேர். எண்ணிப் பார்த்தேன்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். பறித்தார்கள் என்று சொல்லிக்கொண்டு வருபவரிடம் தொலைந்தது என்று எழுதி வாங்கக் கூடாது. போன் திரும்பக் கிடைக்குமா, பறித்தவன் பிடிபடுவானா என்பதெல்லாம் பிறகு பேச வேண்டியவை. நடந்தது நடந்தபடி தாளில் ஏற வேண்டும், அவ்வளவுதான். இது ஏதோ என் சொந்த ஆசையும் அல்ல. பிடியாணை இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்வது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு 2013 நவம்பரிலேயே தீர்ப்பளித்துவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், பறிப்பு என்பதற்கென்றே 304ஆம் பிரிவு தனியாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. பழைய தண்டனைச் சட்டத்தில் இப்படித் தனிப் பெயர் இல்லை. ஆக, நாடாளுமன்றம் உட்கார்ந்து இந்தக் குற்றத்துக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது. அந்தப் பெயரைத் தாளில் எழுதத்தான் காவல் நிலைய மேசையில் மை இல்லை.

சி.எஸ்.ஆர். கொடுத்தார்களே, அது போதாதா என்று கேட்கிறார்கள். போதாது. சி.எஸ்.ஆர். என்பது உங்கள் மனு எங்கள் கைக்கு வந்தது என்பதற்கான ரசீது. அது வழக்கு அல்ல. காணாமற்போன பொருளுக்கான அறிக்கையோ அதைவிடக் கீழே. அதில் குற்றம் என்ற பேச்சே கிடையாது. அதை வைத்து, கைப்பேசியின் தனி அடையாளமான ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் கொடுத்து மத்திய அரசின் தளத்தில் கைப்பேசியை முடக்கிக்கொள்ளலாம் என்பது உண்மைதான், நல்ல வசதிதான். ஆனால் முடங்குவது கருவி மட்டுமே. அதே நிறுத்தத்தில் ஒரே மாதத்தில் பத்துப் பேரிடம் பறித்து, பத்துப் பேரும் “தொலைந்தது” என்று எழுதிக் கொடுத்திருந்தால், பதிவேட்டின்படி அங்கே நடந்தது பத்துப் பேரின் கவனக்குறைவு. இரவு ரோந்து வண்டியை அங்கே நிறுத்தவோ, எரியாத தெருவிளக்கைப் பற்றி மாநகராட்சிக்கு எழுதவோ யாருக்கும் எந்தக் காரணமும் இருக்காது. பிறகு தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கை வரும். அதில் நம் நகரத்தின் எண் குறைவாக இருந்தால் ‘பாதுகாப்பான நகரம்’ என்று நாமே பகிர்ந்து மகிழ்வோம். பதிவு கூடுவதையும் குற்றம் கூடுவதையும் ஒன்றாகக் கருதக் கூடாது என்று அந்த அறிக்கையிலேயே எச்சரிக்கை இருக்கும். அந்தப் பக்கத்தை யாரும் பகிர்வதில்லை.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று உள்பெட்டியில் ஒரு நண்பர் கேட்டிருந்தார். சொல்லிவிடுகிறேன்.

2018 மார்கழியில் எங்கள் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த அம்மாவின் கழுத்திலிருந்து ஒருவன் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடினான். நான் மாடியிலிருந்து இறங்கி வந்தபோது அம்மா தெருவிலேயே உட்கார்ந்திருந்தார். கோலப்பொடி டப்பா கவிழ்ந்து கிடந்தது. போட்டு முடிக்காத கோலத்தின் மேல் ஒரு செருப்புத் தடம். கழுத்தில் கயிறு இறுக்கியதுபோலச் சிவந்த கோடு. ரவிக்கைக்குள் தங்கிவிட்ட இரண்டு தங்கக் குண்டுகளை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்று பகல் பதினொரு மணிக்குக் காவல் நிலையம் போனோம். ஒரு மணி நேரம் காத்திருந்த பிறகு, எழுத்தர் மிக மரியாதையாகத்தான் பேசினார். “டீச்சரம்மா, அறுத்துக்கிட்டுப் போனான்னு எழுதாதீங்க. அறுந்து விழுந்துடுச்சு, தேடியும் கிடைக்கலைன்னு எழுதுங்க. உங்களுக்கும் அலைச்சல் இல்லை.” போகிற போக்கில், வெள்ளைத் தாள் ஒரு கட்டு வாங்கி வரச் சொன்னார். வாங்கிக் கொடுத்தேன்.

என் அம்மா முப்பத்தொரு ஆண்டுகள் தமிழாசிரியையாக இருந்தவர். வாக்கியத்தில் எழுவாய் எது என்று கேட்டு எத்தனை ஆயிரம் பிள்ளைகளை எழுப்பி நிற்க வைத்திருப்பார் என்று தெரியாது. ‘அறுத்தான்’ என்றால் அங்கே ஒரு ஆள் இருக்கிறான். ‘அறுந்தது’ என்றால் சங்கிலி தானாகவே அறுந்துகொள்கிறது. ஆள் காற்றில் கரைந்துவிடுகிறான். அவருக்கு அந்த வேறுபாட்டை யாரும் விளக்க வேண்டியதில்லை. பேனாவை வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். நான் என்ன சொன்னேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

உடனே வரப்போகும் பதில்களும் எனக்குத் தெரியும். காவல்துறையின் மீது உனக்கு வெறுப்பு என்பார்கள். என் பெரியப்பா தலைமைக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். தீபாவளி அன்று அவர் வீட்டில் இருந்து நான் பார்த்ததே இல்லை. பந்தோபஸ்து, நீதிமன்றம், மறுபடி பந்தோபஸ்து என்று கால் வீங்கி வந்தவரின் பூட்ஸை நான் கழற்றிவிட்டிருக்கிறேன். ஆகவே ஆள் பற்றாக்குறையைப் பற்றி எனக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். அவர்தான் சொல்வார்: மாதாந்திரக் கூட்டத்தில், வழக்கு அதிகம் பதிவான நிலையத்தின் இன்ஸ்பெக்டர் நின்றுகொண்டு பதில் சொல்ல வேண்டும், பதிவே செய்யாதவர் உட்கார்ந்து தேநீர் குடிக்கலாம். எழுத்தர் கெட்டவர் அல்ல. அவருக்கு மேலே உள்ள கணக்கு அப்படி. ஆனால் அந்தக் கணக்கைச் சரிக்கட்ட என் அம்மாதான் பொய் எழுத வேண்டுமா?

புதிய சட்டம் முதற்கட்ட விசாரணைக்கு இடம் தருகிறதே என்று ஒரு வழக்கறிஞர் எழுதியிருந்தார். நியாயமான கேள்வி. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(3)ஆம் பிரிவு, மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியின் அனுமதியோடு பதினான்கு நாட்களுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம் என்கிறது. பறிப்பும் அந்த வரம்புக்குள் வருகிறது என்றே வைத்துக்கொள்வோம். விசாரியுங்கள், பதினான்கு நாளும் எடுத்துக்கொள்ளுங்கள். ‘புகார்தாரரை வேறு வினைச்சொல் எழுதச் சொல்லலாம்’ என்று அதில் எந்த உட்பிரிவில் இருக்கிறது? மறுத்தால் மேலதிகாரிக்கு எழுதலாம், பிறகு மாஜிஸ்திரேட்டிடம் போகலாம் என்றும் அதே 173 சொல்கிறது. போகலாம்தான். அன்றாடம் எட்டு மணி நேரம் கடையில் நின்று வேலை பார்க்கும் பெண் எந்த நாளில் போவது என்பதையும் அந்த வழக்கறிஞரே சொன்னால் நன்றாக இருக்கும்.

மற்றபடி “அவள் ஏன் போனைக் கையில் வைத்திருந்தாள்” என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. பேருந்து எங்கே வருகிறது என்று செயலியில் பாருங்கள் என்று அரசே சொல்கிறது. செயலியைப் பையில் வைத்துக்கொண்டு பார்க்கும் வித்தை எனக்குத் தெரியாது.

எனக்கு உண்மையில் வலிப்பது வேறு. அந்தப் பெரிய மனிதரின் பக்கத்தில் கொஞ்சம் கீழே போய்ப் பாருங்கள். 2025 மார்ச் 25 காலையில் சென்னையில் அடுத்தடுத்துப் பல பெண்களிடம் சங்கிலி பறிக்கப்பட்டபோது, சில மணி நேரத்தில் கேமராப் பதிவுகளைத் துரத்திச் சென்று, விமானம் ஏற இருந்தவர்களை விமான நிலையத்திலேயே மடக்கினார்களே, நினைவிருக்கிறதா? அபாரமான வேலை, நானும் அன்று பாராட்டினேன். நினைத்தால் முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். அடுத்த நாள் விடிவதற்குள் பிடிபட்டவர்களில் ஒருவர் தரமணியில் சுட்டுக் கொல்லப்பட்டார். நகையை மீட்க அழைத்துச் சென்ற இடத்தில் அவர் முதலில் சுட்டதாகக் காவல்துறை கூறியது. நம் பெரிய மனிதர் அன்று ‘நீதி கிடைத்தது’ என்று கைதட்டும் படங்களாகப் போட்டிருக்கிறார். ஒரு சங்கிலிக்கு உயிரே போனால் அது நீதி. ஒரு போனுக்கு ஒரு தாளில் உண்மையை எழுதச் சொன்னால் அது புலம்பல். தோட்டாவுக்கு அவசரப்படுகிறவர்கள் பேனாவுக்கு மட்டும் ஏன் இவ்வளவு யோசிக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. அதே ஆண்டு ஜூனில், நகை காணவில்லை என்ற புகாரின் பேரில் காவல்துறையால் விசாரிக்கப்பட்ட, திருப்புவனம் அருகே மடப்புரம் கோயில் காவலாளி உயிரோடு வீடு திரும்பவில்லை. சிலருடைய நகைக்கு விசாரணை அந்த அளவுக்கும் போகும். சிலருடையது அறுந்து விழுந்துவிடும்.

நட்பு நீக்கம் செய்ய விரும்புகிற பதினொரு பேரும் தாராளமாகச் செய்துகொள்ளலாம். அந்தப் பெண்ணிடம் மட்டும் ஒரு வேண்டுகோள்: பதிவை நீக்கியதற்காக வருந்த வேண்டாம். உங்களைவிட மோசமாக நடந்துகொண்டவன் நான். அன்று அம்மா என் முகத்தைப் பார்த்தபோது, அலுவலகத்துக்கு நேரமாகிறது, எழுதிவிடுங்கள் அம்மா என்றுதான் சொன்னேன். அவருடைய அந்த அழகான கையெழுத்தில், சுழியெல்லாம் சரியாக வைத்து, சங்கிலி அறுந்து விழுந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்தார்.

இன்று காலை இந்த விவகாரத்தை அம்மாவிடம் சொன்னேன். போன் என்ன விலை, எந்த நிறுத்தம் என்று எதுவும் கேட்கவில்லை. “அந்தப் பெண் கடைசியில் என்ன எழுதிக் கொடுத்தாள்?” என்று மட்டும் கேட்டார்.