அந்த சைபரைப் போட்டது காற்று

பிரான்ஸிலிருந்து கடல் கடந்து பிரித்தானியாவுக்கு அகதிப் படகு ஒன்றும் வரவில்லை, அது ரோந்தின் வெற்றி என்று எங்கட குழுவில் சுற்றுகிற ‘இந்தக் கிழமை சைபர் படகு’ என்ற அந்தப் படத்தை இனி எனக்கு அனுப்பாதீர்கள். பார்த்துவிட்டேன். கீழே கைதட்டியவர்களின் பெயர்களையும் பார்த்துவிட்டேன். பாதிப் பேர் எங்கட ஆக்கள்.

அந்தக் கிழமை முழுக்க, இரண்டு நாட்டுக்கும் இடையிலுள்ள டோவர் நீரிணையில் தென்மேற்குக் காற்று அடித்தது. சைபருக்குக் காரணம் அதுதான். நீரிணை ஒடுங்கிய இடத்திலேயே 33 கிலோமீற்றர். ரப்பர் டிங்கியில் ஐம்பது அறுபது பேரை ஏற்றிக்கொண்டு ஒற்றை எஞ்சினில் போகிறவர்களுக்கு, அலை ஒரு மீற்றரை நெருங்கினாலே பயணம் இல்லை. இதற்குப் பொலிஸ் தேவையில்லை.

காற்றின் பலம் மட்டுமில்லை, திசையும் இருக்கிறது. படகு புறப்படும் பிரான்ஸின் டன்கர்க், கிராவ்லீன் கரைகள் வடக்குப் பார்த்தவை. வடக்கிலிருந்து அடித்தால் அலை கரையிலேயே உடையும், டிங்கியை இறக்க ஏலாது. தெற்கிலிருந்து அடித்தால் கரையில் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். வெளியே போனபிறகுதான் அலை எழும்பும். அதுதான் பொல்லாதது. நீரோட்டம் ஏறக்குறைய ஆறு மணித்தியாலம் வடகிழக்கே ஓடும், பிறகு தென்மேற்கே திரும்பும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மூன்று நொட்டும், அதாவது மணிக்கு ஐந்தரைக் கிலோமீற்றரும் போகும். தென்மேற்குக் காற்றை எதிர்த்து நீர் திரும்பும் நேரத்தில், காற்று கொஞ்சமும் கூடாமலே அலை குத்தாக நிமிரும்.

இது என் கற்பனை இல்லை. கடக்கத் தோதான நாட்களை பிரித்தானிய உள்துறை அமைச்சே ‘சிவப்பு நாள்’ என்று எண்ணி வைத்திருக்கிறது. 2024 ஜனவரி முதல் ஏப்ரல் வரை 27. 2025இல் அதே நான்கு மாதத்தில் 60. ஆட்கள் கூடியபோது அரசாங்கம் இந்தக் கணக்கைத் தூக்கிக் காட்டியது. குறைந்தால் மட்டும் காற்றை ஒருவரும் கூப்பிடுவதில்லை. வானிலைக்குத் தோல்வியில் மட்டும்தான் பங்கு போல.

‘அப்ப ரோந்து, ஒப்பந்தம் எல்லாம் சும்மாவா?’ சும்மா என்று நான் சொன்னேனா? படகில் வந்தவர்களின் தொகை 2022இல் 45,000ஐத் தாண்டி, 2023இல் 29,437 ஆனதில், அல்பேனியர்களைத் திருப்பி அனுப்பும் ஒப்பந்தத்துக்குப் பெரிய பங்கு உண்டு. சரிதான். ஆனால் ஒப்பந்தத்தின் பலனை வருடக் கணக்கில்தான் பார்க்கலாம். காற்று ஒரே இரவில் கணக்கை மாற்றும். கிழமைக் கணக்கைக் காட்டி வெற்றி கொண்டாடுகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

‘கடல் குழம்பினால் நல்லதுதானே, சனம் சாகாது’ என்று ஒரு அண்ணர் எழுதியிருக்கிறார். அண்ணே, காத்திருக்கிற சனம் வீட்டுக்குப் போய்விடாது. கடல் அடங்கின அன்று எல்லாரும் ஒன்றாகப் பாய்வார்கள். 2025 மே 31ஆம் திகதி ஒரே நாளில் 1,100 பேருக்கு மேல் வந்ததைப் பார்க்கவில்லையா? படகொன்றுக்கு 2020இல் சராசரி 13 பேர். 2024இல் ஐம்பதுக்கு மேல். டிங்கி, எஞ்சின் தட்டுப்பாடும் அதற்குக் காரணம்தான். 2024 ஏப்ரல் 23 அன்று பிரான்ஸின் விம்ரே கரையில் ஒரே டிங்கியில் 112 பேர். ஐந்து பேர் செத்தார்கள், ஏழு வயதுப் பிள்ளையும் அதில் ஒன்று. நடுக்கடலில் புயலில் அகப்பட்டு இல்லை. கரைக்குப் பக்கத்திலேயே, நெரிசலில்.

இதை வெள்ளைக்காரன் எழுதினால் கடந்து போவேன். வாடை, சோளகம், கச்சான் என்று காற்றுக்குக் காற்று பேர் வைத்த சனம் நாங்கள். தலைமன்னாரில் இருட்டும்வரை பதுங்கி, காற்று விழுந்ததா என்று ஓட்டியின் முகத்தைப் பார்த்து, இராமேஸ்வரம் போன குடும்பங்கள் அந்தக் குழுவிலேயே இருக்கின்றன. அந்தக் கிழமைகளிலும் எத்தனையோ நாள் சைபர்தான். நேவி பலமாக இருந்ததாலா? உங்கட அம்மாவிடம் கேளுங்கள்.

‘நாங்கள் போருக்குத் தப்பி வந்தோம், இவங்கள் காசுக்கு வாறாங்கள்’ என்று பதில் வரும். சூடானிலிருந்து வருகிறவனிடம் போய்ச் சொல்லுங்கள் அதை.

வியாழன் இரவு காற்று விழப்போவதாக முன்னறிவிப்பு சொல்கிறது. வெள்ளிக்கிழமைத் தொகையையும் அதே குழுவில், அதே பெரிய எழுத்தில் போடுங்கள். போடமாட்டீர்கள், தெரியும்.