தோண்டுவதற்கு முந்தைய மண்

நிலக்கரிச் சுரங்க வேலை முடிந்த இடத்தில் “மண்ணை மீட்டுவிட்டோம்” என்று அறிக்கை வந்தால் எனக்கு ஒரே கேள்விதான். எந்த மண்ணை? இயந்திரம் இறங்குவதற்கு முன்னால் அது எப்படி இருந்தது என்று ஒழுங்காக அளந்து வைக்காதபோது, மீண்டதா இல்லையா என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

அளக்கவே இல்லை என்று சொல்லமாட்டேன். அமில கார நிலை, உப்பு, தழை மணி சாம்பல் சத்து எல்லாம் அட்டவணையில் இருக்கும். மண்ணின் உயிரைப் பற்றிப் பெரும்பாலும் ஒரு வரி இருக்காது. ஒரு கிராம் நல்ல மண்ணில் நூறு கோடி பாக்டீரியா வரை வாழ்கின்றன. அவற்றில் மிகச் சிலவே ஆய்வகத் தட்டில் வளரும் என்பதால், தட்டில் முளைத்ததை மட்டும் எண்ணி எழுதுவதும் அரைகுறை வேலைதான்.

சில காலம் மண் பரிசோதனைக் கூடத்தில் இருந்தவன் நான். ஒருமுறை நுண்ணுயிர்ச் சோதனைக்கென்று வந்த பைகள் இரண்டு நாள் வெயிலில் நின்ற வண்டிக்குள் கிடந்தவை. திறந்ததுமே புழுங்கல் வாடை. ஐஸ் பெட்டியில் வந்திருக்க வேண்டிய மண். “பரவாயில்லை, போட்டுக்கொடுங்க” என்றார்கள் அனுப்பியவர்கள். அப்போது எனக்கு உறைக்கவில்லை. தொடக்க அளவு குறைவாகப் பதிவானால் பிறகு எதைக் காட்டினாலும் முன்னேற்றமாகத்தானே தெரியும்! கோடையில் ஒரே ஒரு நாள் போய் மாதிரி எடுப்பதிலும் இதே வசதி இருக்கிறது. ஈரம் வற்றிய மண்ணில் நுண்ணுயிர்களின் வேலை அடங்கியிருக்கும். மழைக்காலத்திலும் எடுத்தால்தான் முழுக்கணக்கு.

அந்தக் கூடத்தில் எனக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. சோதனைக் குழாயில் மண்ணைப் போட்டு, நிறமற்ற டெட்ரசோலியம் கரைசலை ஊற்றி, ஒரு நாள் கதகதப்பாக வைப்போம். உயிருள்ள மண் என்றால் மறுநாள் சிவந்திருக்கும். நுண்ணுயிர்கள் மூச்சுவிடுவதற்கு அதுதான் சாட்சி. நெடுநாள் குவித்து வைத்திருந்த மேல்மண்ணின் அடியிலிருந்து எடுத்தது பெரும்பாலும் வெளிறியே நிற்கும். உயரமான குவியலின் உள்ளே காற்று போகாது, மண் மூச்சுத் திணறும். செடி வேரோடு ஒட்டி வாழ்ந்து அதற்கு மணிச்சத்து தேடித் தரும் வேர்ப்பூஞ்சையின் இழைகள், மண்ணைச் சுரண்டி அள்ளும்போதே அறுந்துபோகின்றன. பிறகு அதே மண்ணைப் பரப்பி மரக்கன்று நட்டுப் படம் எடுத்துப் போடுகிறார்கள்.

கரிமச்சத்து விஷயம் இன்னும் மோசம். மீட்ட நிலத்தில் கரிமம் கூடியிருக்கிறது என்று எண் காட்டுவார்கள். நிலக்கரித் தூளும் கரிமம்தான் ஐயா! மண்ணைச் சுட்டு எடை குறைவதை வைத்துக் கணக்கிடும் முறைக்கு இலைமக்கு எது, கரித்துகள் எது என்று தெரியாது. நுண்ணுயிருக்கோ அந்தத் துகள் எளிதில் செரிக்கிற சாப்பாடு அல்ல. இரண்டையும் பிரிக்கக் கதிரியக்கக் கரிமம் 14 உதவும்: கோடிக்கணக்கான ஆண்டுப் பழைய நிலக்கரியில் அது மிஞ்சியிருக்காது, நேற்று விழுந்த இலையில் இருக்கும். செலவு பிடிக்கும் சோதனை, எல்லா மாதிரிக்கும் செய்ய முடியாது. அதனால்தான் தோண்டும் முன்பே கரிமத்தோடு நுண்ணுயிர்த் திரளின் அளவையும் எடுத்துவைக்க வேண்டும் என்கிறேன். சாதாரண மண்ணில் மொத்தக் கரிமத்தில் நூற்றுக்கு 1 முதல் 5 பங்கு வரை நுண்ணுயிர் உடலாக இருக்கும். கரிமம் ஏறி அந்தப் பங்கு மட்டும் விழுந்திருந்தால் கரித்தூள்மேல் சந்தேகப்படலாம்.

ஒவ்வொரு மாதிரியிலும் பாதியை உறைநிலையில் போட்டு, நிறுவனத்தின் கையில் இல்லாமல் வேறிடத்தில் வைக்கவேண்டும். தோண்டாத பக்கத்து நிலம் ஒன்றையும் ஒப்பிட விட்டுவைக்க வேண்டும்.

இதெல்லாம் நடக்கும்வரை நிலத்துக்காரர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. 2013இல் ஆய்வாளர்கள் வெளியிட்ட எளிய முறை ஒன்று இருக்கிறது. பச்சைத் தேயிலைப் பை, ரூயிபோஸ் (தென்னாப்பிரிக்கச் செடி ஒன்றின் தேநீர்) பை இரண்டையும் எடைபோட்டு 8 சென்டிமீட்டர் ஆழத்தில் புதைத்து, 90 நாள் கழித்து எடுத்துக் காயவைத்து மறுபடி எடைபோடுவது. எவ்வளவு மக்கியது என்று தெரிந்துவிடும். தேதி போட்டு, இடத்தைப் படம் பிடித்து, சாட்சிக் கையெழுத்தோடு எழுதி வையுங்கள்.