அழுத்தினால் மறையாத சிவப்புப் புள்ளி: அந்த ஃபார்வர்ட் தவறு

"காலில் சிவப்புப் புள்ளி, அழுத்தினாலும் மறையவில்லையா? ரத்தக்குழாய் அழற்சிதான், உடனே ஸ்டீராய்டு போடுங்கள்" என்று சென்னை அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

மறையாத புள்ளி என்றால் தோலுக்கடியில் ரத்தம் கசிந்திருக்கிறது, அவ்வளவுதான். காரணம் வேறாகவும் இருக்கலாம். மழைக்காலத்தில் இங்கே முதலில் சந்தேகப்பட வேண்டியது டெங்கு. ரத்தம் உறைய உதவும் தட்டணு (பிளேட்லெட்) குறைந்தாலும் இதே புள்ளிகள் வரும். வைட்டமின் சி குறைபாட்டில் முடி வேர்களைச் சுற்றிப் புள்ளிகள் தெரியும், ஈறும் கசியும். இதய வால்வில் கிருமித்தொற்று இருந்தால் ரத்தக்குழாய் அழற்சிக்கான ஆன்கா (ANCA) என்ற ரத்தப் பரிசோதனைகூட பாசிட்டிவ் காட்டலாம். அப்போது ஸ்டீராய்டு மட்டும் போட்டால் காய்ச்சல் அடங்கும், தொற்று உள்ளே பரவும். ஆபத்தே அங்கேதான்.

ரத்த அணு எண்ணிக்கை, சிறுநீர், தேவைப்பட்டால் ரத்தக் கல்ச்சர் (கிருமி வளர்கிறதா என்ற பரிசோதனை), எக்கோ (இதய ஸ்கேன்), தோல் பயாப்ஸி (சிறு தோல் துண்டை எடுத்துச் சோதிப்பது) பார்த்துத்தான் டாக்டர்கள் முடிவு செய்வார்கள். சந்தேகமிருந்தால் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையின் ரத்தக்குழாய் அழற்சியையும் கவனிக்கும் மூட்டு, தசை நோய்ப் பிரிவில் கேட்கலாம். காய்ச்சலும் இருந்தால் அன்றே டாக்டரிடம் போங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.