'அவளுக்காக' வேறு, 'அவளால்' வேறு

சனிக்கிழமைக் கூட்டத்தில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் நான்கு நாள்களாகப் பொறுத்திருந்தேன். வந்திருந்தவர்களுக்கு விஷயம் தெரியும். வராதவர்களுக்கும் இதற்குள் காணொளி வந்து சேர்ந்திருக்கும். கிரேக்க அரசன் மெனலாஸின் மனைவி ஹெலனை ட்ராய் இளவரசன் பாரிஸ் கொண்டுபோனதால் மூண்டதாகக் கிரேக்கப் புராணம் சொல்லும் ட்ராய் போரைப் பற்றி ஒன்றரை மணி நேரம் நன்றாகவே பேசிய பேச்சாளர், முடிக்கும்போது, "ஆவதும் பெண்ணாலே, அழிவதும் பெண்ணாலே, ஹெலன் என்ற ஒருத்தியின் அழகால் ஒரு நகரமே எரிந்தது" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினார். நான் எழுந்து, அந்தப் போரைப் பாடிய இலியட் காப்பியத்தில் ஹோமர் அப்படி எங்கே சொல்கிறார் என்று கேட்டேன். "அம்மா, இது புராணம். இதில் போய்ப் பெண்ணியம் பார்க்காதீர்கள், அழகை ரசியுங்கள்" என்றார். முன்னதைவிடப் பலமான கைதட்டல். அடுத்த வாக்கியத்தை நான் தொடங்குவதற்குள் மைக்கை என் கையிலிருந்து வாங்கிவிட்டார்கள்.

சொல்ல விடாததை இங்கே சொல்கிறேன். நான் கேட்டது நூலைப் பற்றிய கேள்வி. கிரேக்க மூலத்தில் இலியட்டின் முதல் சொல்லே 'சினம்' என்பதுதான். அது கிரேக்கப் படையின் பெருவீரன் அகிலீஸின் சினம். கொள்ளையில் தன் பங்காக வந்த பெண்ணை அவள் தந்தையிடம் திருப்பி அனுப்ப நேர்ந்த படைத்தலைவன் அகமெம்னோன், அதை ஈடுகட்ட அகிலீஸின் பங்கான பிரிசெயிஸ் என்ற பெண்ணைப் பறித்துக்கொள்கிறான். யாருக்கு மதிப்பு அதிகம் என்று இரண்டு தலைவர்களுக்குள் மூண்ட இந்தத் தகராறில் மாண்டவர்களின் கதைதான் அந்த 24 பகுதிகளும். போர்வீரர்கள் ஹெலனுக்காக வந்ததாகச் சொல்லிக்கொள்கிறார்கள், உண்மை. ஆனால் 'அவளுக்காக' என்பது வேறு, 'அவளால்' என்பது வேறு. நகைக்கடையைக் கொள்ளையடித்தவன் நகைக்காகத்தான் வந்தான். அதனால் நகை குற்றவாளி ஆகிவிடுமா?

பேச்சாளர் மூன்றாம் பகுதியை மேற்கோள் காட்டினார். கோட்டைவாயிலின் மேல் சில்வண்டுகளைப் போலப் பேசிக்கொண்டிருக்கும் கிழவர்கள், ஹெலன் நடந்து வருவதைப் பார்த்து, இப்படிப்பட்ட ஒருத்திக்காக இரண்டு படைகளும் இத்தனை காலம் துன்பப்படுவதில் குறையில்லை என்கிறார்கள். அத்தோடு நிறுத்திக்கொண்டார். அதே கிழவர்கள் அடுத்த மூச்சிலேயே, எவ்வளவு அழகியானாலும் அவள் கப்பலேறிப் போய்விடட்டும், நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் கேடாக இங்கே இருக்க வேண்டாம் என்றும் சொல்கிறார்கள். அதற்கும் அடுத்ததாக, போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்துக்கொண்டிருக்கும் கிழ மன்னன் பிரியம், அவளை மகளே என்று கூப்பிட்டுத் தன் முன்னால் உட்காரச் சொல்லி, உன்மேல் எனக்குக் குற்றமில்லை, தெய்வங்கள்மேல்தான் குற்றம் என்கிறான். ட்ராயின் அரசனே சொல்லாத பழியை, 2,700 ஆண்டுகள் கழித்து நாம் ஏன் சொல்ல வேண்டும்?

அழகை ரசிக்கச் சொன்னார் அல்லவா? ஹெலன் எப்படி இருந்தாள் என்று ஹோமர் வருணிக்கவே இல்லை. வெண்கரம், அழகிய கூந்தல் என்பதெல்லாம் பிற பெண்களுக்கும் அவர் தருகிற வழக்கமான அடைமொழிகள்தான். ஆனால் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்பதைச் சொல்கிறார். நாம் அவளை இலியட்டில் முதன்முதலாகக் காணும்போது அவள் தறியின் முன் இருக்கிறாள். பெரிய செந்நீலத் துணியில், தன்னை முன்னிட்டு இரு தரப்பும் படும் பாடுகளை நெய்துகொண்டிருக்கிறாள். பிறகு மதில்மேல் நின்று கிரேக்கப் படையில் தன் அண்ணன் தம்பிகளைத் தேடுகிறாள். அவர்கள் ஏற்கெனவே சொந்த மண்ணில் இறந்து புதைந்துவிட்டார்கள் என்பது நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. பாரிஸின் படுக்கைக்குப் போ என்று அப்ரோடைட் தேவி வந்து அழைக்கும்போது, வேண்டுமானால் நீயே போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொள் என்று எதிர்த்துப் பேசுகிறாள். தேவி மிரட்டுகிறாள். ஹெலன் பயந்து, துணியால் தன்னைப் போர்த்திக்கொண்டு, வாய் பேசாமல் பின்னால் போகிறாள். இதில் ரசிக்க என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் எழுந்து நின்றேன்.

ஹெலனே தன்னைக் கேவலமாகத் திட்டிக்கொள்கிறாளே என்று ஒருவர் தனிச்செய்தியில் கேட்டிருந்தார். ஆமாம், நாய் என்றுகூடச் சொல்லிக்கொள்கிறாள். எந்நேரமும் ஊர்வாயில் விழுந்துகொண்டிருப்பவள், பிறர் சொல்லும் முன் தானே சொல்லிக்கொள்வதைக் குற்ற ஒப்புதலாக எடுத்துக்கொள்வது நியாயமில்லை. அகிலீஸும் அவளை வெறுக்கிறானே என்றார் இன்னொருவர். அந்தச் சொல் அவன் வாயிலிருந்து வருவது உயிர்நண்பன் பட்ரோக்ளஸைப் போரில் பறிகொடுத்து அழும்போது. அதை நீதிமன்றத் தீர்ப்பாக வைத்துக்கொள்ள என்னால் முடியாது. கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடிஸின் நாடகத்தில் ட்ராயின் கிழ அரசி ஹெகுபாவே ஹெலனுக்குத் தண்டனை கேட்கிறாள் என்பதுதான் கனமான மறுப்பு, அதை மதிக்கிறேன். கணவனையும் பிள்ளைகளையும் நாட்டையும் இழந்தவள் யாரை வேண்டுமானாலும் சபிக்கலாம். எதையும் இழக்காமல் மேடையில் நிற்பவருக்கு அந்த உரிமை இல்லை.

கிரேக்கர்களுக்கே இந்தப் பழியில் உறுத்தல் இருந்தது. ஹெலன் ட்ராய்க்குப் போகவே இல்லை, எகிப்தில் இருந்தாள் என்று வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் ஒரு கதையைச் சொல்லி அதை நம்பவும் செய்கிறார். அதே யூரிப்பிடிஸ் கி.மு. 412இல் எழுதிய இன்னொரு நாடகத்தில், ட்ராயில் இருந்தது வெறும் மேகப் பதுமை. அவளே இல்லாமலும் பத்து ஆண்டுகள் வெட்டிக்கொண்டு சாக முடியும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் அதே ஹெரோடோட்டஸ் தம் நூலின் தொடக்கத்தில், பாரசீகர் சொல்வதாக ஒன்றைக் குறித்திருக்கிறார்: பெண்களுக்கே விருப்பம் இல்லையென்றால் அவர்களை யாரும் தூக்கிக்கொண்டு போயிருக்க முடியாது என்று. அதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அந்தச் சொல்லை நான் கிரேக்கத்தில் முதலில் கேட்கவில்லை. எங்கள் வீட்டுத் திண்ணையில் கேட்டேன்.

தாத்தா உயில் எழுதாமல் இறந்தார். இரண்டரை ஏக்கர் நஞ்சையைப் பிரிப்பதில் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் தகராறு வந்து, வழக்குப் போட்டார்கள். மறு ஆண்டுதான் சித்தி கல்யாணமாகி வந்தார். சித்தி நல்ல நிறம், நல்ல அழகு. ஊர் சொன்னது என்ன தெரியுமா? "அவள் கால் வைத்த நேரம் குடும்பம் இரண்டாச்சு. தோலைக் காட்டி மயக்கி, அண்ணன் தம்பியைப் பிரிச்சுட்டா." வழக்கு மனுவின் நகல் இன்றும் என் இரும்புப் பெட்டியில், மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, இருக்கிறது. தேதி தெளிவாகத் தெரிகிறது. சித்தி அப்போது அந்த ஊரையே பார்த்ததில்லை. யாரும் அந்தத் தேதியைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இரண்டு ஆண்களின் பேரைச் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

புராணம்தானே, விட்டுத்தள்ளுங்கள் என்று சொல்லும் நண்பர்களுக்கு இதைத்தான் சொல்ல விரும்புகிறேன்: சித்தியின்மேல் விழுந்ததும் அதே கதைதான். பேச்சாளர் ஒன்றரை மணி நேரத்தில் பிரிசெயிஸின் பெயரை ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அவள் கணவனைக் கொன்றவனே அகிலீஸ். அவளுடைய மூன்று சகோதரர்களும் அதே நாளில் இறந்தார்கள். பிறகு அகிலீஸின் கூடாரத்தில்தான் அவள் வாழ வேண்டியிருந்தது. பட்ரோக்ளஸின் உடல்மேல் விழுந்து அவள் அழுகிறாள். சுற்றிலும் சிறைபிடிக்கப்பட்ட பெண்கள் எல்லாம் கூடவே அழுகிறார்கள். பட்ரோக்ளஸைச் சாக்காக வைத்துக்கொண்டு ஒவ்வொருத்தியும் தன் தன் துயரத்துக்காக அழுதாள் என்கிறார் ஹோமர். நம் ஊரில் ஒப்பாரி வைக்கும் வட்டத்துக்குள் ஒருமுறையாவது உட்கார்ந்தவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அப்பா இறந்த அன்று, பல ஆண்டுகளாக எங்கள் வாசற்படி மிதிக்காத சித்தி வந்தார். கூட்டம் விலகி வழி விட்டது. யாரும் அவரைக் கட்டிக்கொள்ளவில்லை. அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்து, "ஊரே சொன்னுச்சே அத்தான், நீங்க மட்டும் என்னை ஒரு சொல் சொன்னதில்லையே" என்று அழுதார். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. இலியட்டை அதற்கும் பல ஆண்டுகள் கழித்துத்தான் படித்தேன். கடைசிப் பகுதியில் பிரியமின் மகன் ஹெக்டரின் உடலின் முன் மூன்று பெண்கள் அழுகிறார்கள்: மனைவி, தாய், மூன்றாவதாக ஹெலன். கணவன் பாரிஸின் அண்ணனான ஹெக்டரைப் பார்த்து அவள் சொல்கிறாள்: நான் வந்து இருபதாவது ஆண்டு இது, உன் வாயிலிருந்து ஒரு கடுஞ்சொல் நான் கேட்டதில்லை, இனி இந்த ட்ராயில் எனக்கென்று ஒருவரும் இல்லை, என்னைக் கண்டால் எல்லாரும் ஒதுங்குகிறார்கள்.

இந்த இடத்தைத்தான் சனிக்கிழமை வாசிக்க நினைத்தேன். பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டுதான் எழுந்தேன்.